சாலார் ஜங்கின் வீடு எங்கே?

தார்நாகாவில் தங்கியிருப்பவர்களுக்குப் பழைய ஹைதராபாத் இப்போது தொலைவில்லை. நாகோலிலிருந்து வரும் நீல வழித்தட மெட்ரோவில் ஏறி, பரேட் மைதானத்தில் இறங்கி, மேல்நடைபாதை வழியாகப் பச்சை வழித்தடத்துக்கு மாறவேண்டும். காந்தி மருத்துவமனை, முஷீராபாத், நாராயணகூடா, சுல்தான் பஜார் என்று ஒவ்வொன்றாகக் கடந்து, வண்டி மகாத்மா காந்தி பேருந்து நிலையத்தில் நின்றுவிடும். 2020இல் இந்தப் பச்சை வழித்தடம் திறக்கும்வரை, பெரும்பாலும் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து பேருந்தில்தான் போவார்கள். பேருந்து நிலையத்தை ஒட்டி மூசி ஆறு. ஆற்றைத் தாண்டினால் தென்கரையில் சாலார் ஜங் அருங்காட்சியகம்.

ஹைதராபாத் போய்வந்த தமிழர்களில் அந்த அருங்காட்சியகத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. சார்மினார், கோல்கொண்டா, சாலார் ஜங் என்று சுற்றுலாப் பேருந்துக்காரர்கள் ஒரே மூச்சில் சொல்வார்கள். நானும் பள்ளிப் பருவத்தில் அப்படித்தான் பார்த்தேன். இந்தமுறை போனது வேறொன்றைத் தேடி. அங்கே இருக்கும் பொருள்கள் எல்லாம் ஒரு வீட்டில் இருந்தவை. அந்த வீடு என்ன ஆயிற்று?

இந்தக் கேள்வியை எனக்குள் போட்டவர் தார்நாகாவில் நான் தங்கியிருந்த வீட்டுப் பெரியவர். அவரை எல்லாரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். செகந்திராபாத் கண்டோன்மென்ட் காலத்திலிருந்தே இந்தப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் வேர்விட்டிருக்கின்றன. பத்மாராவ் நகர் என்ற பெயரே ஒரு முதலியாரின் பெயரால் வந்தது. மாமாவின் அப்பா லாலாகூடா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகமும் ஆராய்ச்சிக் கூடங்களும் சூழ்ந்த தார்நாகா, அவர் சிறுவனாக இருந்தபோது பெரும்பாலும் பாறையும் பொட்டலுமாகக் கிடந்ததாம்.

“மியூசியத்துக்கா போறீங்க?” என்று கேட்டார். “நீங்க பாக்கப்போறது மியூசியம், தம்பி. நான் சின்ன வயசுல பாத்தது வீடு. அறை அறையா, முற்றம் முற்றமா போகும். எங்க நுழைஞ்சோம், எங்க வெளிய வந்தோம்னே தெரியாது. எங்க அம்மா என் கையை விடவே இல்லை.”

அவர் சொன்ன வீட்டின் பெயர் திவான் தேவ்டி. நிஜாம் அரசின் திவான்களாக, அதாவது முதலமைச்சர்களாக, தலைமுறைக்குத் தலைமுறை இருந்த சாலார் ஜங் குடும்பத்தின் மாளிகை. 1951 டிசம்பர் 16 அன்று ஜவஹர்லால் நேரு திறந்துவைத்த சாலார் ஜங் அருங்காட்சியகம், இன்று நாம் பார்க்கும் கட்டடத்தில் தொடங்கவில்லை. திவான் தேவ்டியில்தான் தொடங்கியது. பதினாறு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கேயே நடந்து, 1968இல்தான் ஆற்றங்கரைக்கு வந்தது.

முதலில் இப்போதைய கட்டடத்துக்கே போனேன். வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாள்களில் காலை பத்து மணிக்குத் திறக்கிறார்கள். ஆற்றைப் பார்த்து அரைவட்டமாக வளைந்த வெள்ளைக் கட்டடம். 1908 செப்டம்பர் வெள்ளத்தில் மூசி இரு கரையையும் வாரிக்கொண்டு போனது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அதன் பிறகுதான் பொறியாளர் விசுவேசுவரய்யாவை அழைத்து மேலே அணைகள் கட்டத் திட்டமிட்டார்கள். அந்த ஆற்றின் ஓரத்தில், நாற்பத்துமூவாயிரத்துக்கும் மேற்பட்ட கலைப்பொருள்கள். அவை தவிர ஒன்பதாயிரம் அளவில் கையெழுத்துப் படிகள்.

பன்னிரண்டு மணிக்கு முன்பே எல்லாரும் கடிகாரக் கூடத்துக்கு ஓடுகிறார்கள். நானும் ஓடினேன். கல்கத்தாவின் குக் அண்ட் கெல்வி கம்பெனி உருவாக்கித் தந்த கடிகாரம் அது. முகப்பின் ஒரு பக்கத்தில் ஒரு கொல்லன் நொடிக்கு ஒருதரம் சுத்தியலால் தட்டிக்கொண்டே இருக்கிறான். மணி ஆவதற்குச் சற்று முன்னால் கதவைத் திறந்துகொண்டு ஒரு குட்டித் தாடிக்காரர் வருகிறார். மணி எத்தனையோ அத்தனைமுறை சேகண்டியை அடித்துவிட்டுத் திரும்ப உள்ளே போய்விடுகிறார். பன்னிரண்டு மணிக்குத்தான் அதிக அடி. அதனால்தான் அந்தக் கூட்டம். கரீம்நகரிலிருந்து வந்த குடும்பங்கள், பள்ளிப் பிள்ளைகள், பர்தா அணிந்த பெண்கள், அரவிந்தர் படம் போட்ட பை வைத்திருந்த ஒரு தம்பதி, எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு அந்தப் பொம்மைக்காகக் காத்திருந்தார்கள். பன்னிரண்டாவது அடி விழுந்ததும் கைதட்டல். ஒரு பிரபுவின் வீட்டுக் கூடத்தில் அவருடைய விருந்தினர்களுக்கு மட்டும் மணி சொல்லிக்கொண்டிருந்த கடிகாரம் இன்று நுழைவுச்சீட்டு வாங்கியவர் எல்லாருக்கும் சொல்கிறது. அருங்காட்சியகம் என்ற ஏற்பாட்டின் பெருமை இதுதான் என்று அந்தக் கைதட்டலுக்கு நடுவே தோன்றியது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

முக்காடிட்ட ரெபேக்காவுக்குத் தனி இடம். இத்தாலியச் சிற்பி ஜொவான்னி மரியா பென்சோனி செதுக்கியது. பளிங்குக்கல்லில் மெல்லிய துணியும், துணிக்குள்ளிருந்து தெரியும் முகமும். பைபிளின் ரெபேக்கா, தான் மணக்கப்போகும் ஈசாக்கைக் கண்டதும் முக்காடிட்டுக்கொள்ளும் தருணம். பென்சோனி இதே உருவத்தைப் பலமுறை செதுக்கினார். அமெரிக்க அருங்காட்சியகங்களிலும் இவளுக்குத் தங்கைகள் உண்டு. இங்கே இருப்பவளை 1876இல் ரோமில் வாங்கியவர் முதலாம் சாலார் ஜங்.

அவர் பெயர் மீர் துராப் அலி கான். 1853இல் திவான் ஆனபோது அவருக்கு இருபத்துநான்கு வயதுதான். கடனில் மூழ்கியிருந்த அரசை முப்பது ஆண்டுகள் நடத்தினார். வரி வசூலைக் குத்தகைக்காரர்களிடமிருந்து மீட்டு மாவட்ட நிர்வாகத்தை ஏற்படுத்தினார். ரயில் பாதையைக் கொண்டுவந்தார். 1876இல் ஐரோப்பாவுக்குப் போனார். பாரிஸில் விடுதிப் படிக்கட்டில் விழுந்து காலை முறித்துக்கொண்டார்; அப்படியும் பயணத்தைக் கைவிடாமல் இங்கிலாந்து சென்று ஆக்ஸ்போர்டில் கௌரவப் பட்டம் பெற்றார். 1883இல் காலரா அவரைக் கொண்டுபோனது. அவர் மகன் மீர் லாயிக் அலி கான், இரண்டாம் சாலார் ஜங், 1889இல் இளம் வயதிலேயே இறந்தார். அதே ஆண்டில் அவருக்குப் பிறந்த குழந்தைதான் மீர் யூசுப் அலி கான். மூன்றாம் சாலார் ஜங்.

இவர் 1912இல் திவான் ஆனார். 1914இலேயே விலகிவிட்டார். இருபத்தைந்து வயதில் பதவி முடிந்துபோன ஒருவர், அதன் பிறகு முப்பத்துநான்கு ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. அத்தனை ஆண்டுகளையும் அத்தனை செல்வத்தையும் பொருள் சேர்ப்பதில் போட்டார். கலைப்பொருள் வணிகர்கள் பல நாடுகளிலிருந்தும் அவர் வாசலுக்கு வந்தார்கள். பிரஞ்சு அரசர் பதினாறாம் லூயி திப்பு சுல்தானுக்கு அனுப்பியதாகச் சொல்லப்படும் தந்த நாற்காலிகள்; நூர்ஜஹானுடையது என்று சொல்லப்படும், பச்சைக்கல் பிடி போட்ட பழக்கத்தி; சோழர் காலச் செப்புத் திருமேனிகள்; ரவிவர்மாவின் எண்ணெய் ஓவியங்கள்; சீனப் பீங்கான், ஜப்பானிய அரக்குப் பணி, பாரசீகக் கம்பளம். ஜஹாங்கீர், ஷாஜஹான், ஔரங்கசீப் மூவரின் கையொப்பங்களும் கொண்ட ஒரு திருக்குர்ஆன் படியும் உண்டு. எல்லாமே முதல்தரமானவை என்று சொல்வதற்கில்லை. சில ஐரோப்பிய ஓவியங்கள் அன்றைய பணக்கார வீடுகளின் வழக்கத்துக்காக வாங்கப்பட்டவை. ஆனாலும் ஒரு தனிமனிதரின் ஆசை இவ்வளவு விரிந்த வேறோர் இடத்தை இந்தியாவில் நான் பார்த்ததில்லை.

1949 மார்ச் 2 அன்று அவர் இறந்தார். ஆறு மாதங்களுக்கு முன்புதான் ஹைதராபாத் அரசு இந்தியாவோடு இணைக்கப்பட்டிருந்தது. நேரடி வாரிசு இல்லை. மாளிகை மாளிகையாகச் சிதறிக் கிடந்த பொருள்களை யார் பொறுப்பேற்பது? சொத்தை நிர்வகிக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. அப்போது ஹைதராபாத் நிர்வாகத்தின் தலைமையில் இருந்த எம். கே. வெல்லோடி இதை ஓர் அருங்காட்சியகமாக ஆக்கலாம் என்றார். பொருள்களை வகைபிரித்து அடுக்க ஜேம்ஸ் கசின்ஸை அழைத்தார்கள்.

கசின்ஸ் நமக்கு அறிமுகமானவர். அயர்லாந்துக் கவிஞர். 1915இல் அன்னி பெசன்ட் அழைத்து, நியூ இந்தியா பத்திரிகைக்காகச் சென்னைக்கு வந்தார். அடையாறிலும் மதனபள்ளியிலும் வாழ்ந்தார். அவர் மனைவி மார்கரெட் கசின்ஸ் அடையாறில் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். மதனபள்ளியில் தாகூர் தங்கியிருந்தபோது ஜன கண மனவுக்கு இசைக்குறிப்பு எழுத உதவியவர். ஜேம்ஸ் கசின்ஸ் மைசூர் ஜகன்மோகன் அரண்மனை ஓவியக்கூடத்துக்கும் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ராலயத்துக்கும் உருக்கொடுத்த பிறகு, எழுபதைத் தாண்டிய வயதில் திவான் தேவ்டிக்கு வந்தார். தென்னிந்தியாவில் அரசர்களின் கலைச்செல்வம் பொதுமக்களுக்குத் திறந்த மூன்று வாசல்களில் இந்த ஒரே மனிதரின் கை இருக்கிறது. நம் பாடப்புத்தகங்களில் அவர் பெயரை நான் படித்த நினைவில்லை.

1958இல் சாலார் ஜங் குடும்பத்தின் உறவினர்கள் ஒரு சமரச உடன்படிக்கையின் மூலம் முழுச் சேகரிப்பையும் இந்திய அரசுக்குக் கொடுக்கச் சம்மதித்தார்கள். 1961இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்தது. பொருள்கள் காப்பாற்றப்பட்டன. அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு வீட்டுக்குக் கிடைக்கவில்லை.

மதியத்துக்குப் பிறகு திவான் தேவ்டியைத் தேடிப் போனேன். தேடல் என்றே சொல்லத் தேவையில்லை. பத்தர்கட்டிப் பக்கமாக நடந்தால் பத்து, பதினைந்து நிமிடம். மதீனா கட்டடத்தைச் சுற்றி எங்கும் துணிக்கடை. திவான் தேவ்டி என்பது இன்று ஆயத்த ஆடை மொத்த வியாபாரத்தின் பெயர். சுரிதார் கட்டுகளைத் தலையில் சுமந்து ஆள்கள் ஓடுகிறார்கள். குடும்பம் குடும்பமாகக் கல்யாணத்துணி எடுக்க வருகிறார்கள். பழைய காலத்து வாயில் வளைவு ஒன்று நிற்கிறது. அதன் மேல் மின்கம்பிகளும் பெயர்ப்பலகைகளும். உள்ளே நுழைந்தால் கான்கிரீட் வணிக வளாகங்கள்.

ஒரு கடைக்காரரிடம், “பாயி, பழைய தேவ்டி எங்கே இருந்தது?” என்று கேட்டேன். அவர் கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டே, “இருந்ததா? நீங்கள் அதற்குள்தானே நிற்கிறீர்கள்” என்றார் உருதுவில். பிறகு கடைப்பையனை அனுப்பித் தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். மாளிகையைப் பார்த்த நினைவு அவருக்கு இல்லை. அவருடைய அப்பா கடை போட்டபோதே பெரும்பகுதி போய்விட்டது.

அந்த மாளிகை எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி லாலா தீன் தயாளின் புகைப்படங்கள். நிஜாமின் அவைப் புகைப்படக் கலைஞரான அவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சாலார் ஜங் மாளிகையின் உட்புறங்களைப் படமெடுத்திருக்கிறார். கண்ணாடிகள் நிறைந்த ஆயினா கானா. சுவரிலும் தூணிலும் பீங்கான் கிண்ணங்களையும் தட்டுகளையும் பதித்து அழகுசெய்த சீனி கானா. அந்தச் சீனி கானா படத்தைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. அருங்காட்சியகத்தில் பீங்கான்களைக் கண்ணாடிப் பேழைகளில் நாடுவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: சீனா இங்கே, ஜப்பான் அங்கே, பிரான்ஸ் அடுத்த அறையில். படிப்பவருக்கு அது உதவும். ஆனால் சீனத்துத் தட்டை ஹைதராபாத் சுவரில் பதிக்கலாம் என்று நினைத்த மனதை எந்தப் பேழையில் வைப்பது? யார் எங்கே உட்கார்ந்து யாரை வரவேற்றார்கள், எந்தப் பொருளை விருந்தினர் கண்ணில் முதலில் படும்படி வைத்தார்கள், எதைப் பெண்கள் இருந்த பகுதிக்குள் வைத்தார்கள் என்பதெல்லாம் சுவர்களோடு போய்விட்டன. நாற்பத்துமூவாயிரம் பொருள்கள் மிஞ்சியிருக்கின்றன, அவை ஒன்றோடொன்று பேசிக்கொண்ட இடம் மிஞ்சவில்லை.

இது தவிர்க்க முடியாதது என்று சொல்பவர்களுக்கு லண்டனில் ஒரு பதில் இருக்கிறது. கட்டடக் கலைஞர் சர் ஜான் சோன், லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸிலிருந்த தம் வீட்டையும் சேகரிப்பையும் அப்படியே காப்பதற்காக 1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தனிச்சட்டமே நிறைவேற்ற வைத்தார். 1837இல் அவர் இறந்தார். இன்றும் அந்த வீடு அவர் வைத்த விதத்தில், கட்டணமில்லாமல் திறந்திருக்கிறது. பாஸ்டனில் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் 1903இல் தம் வீட்டை அருங்காட்சியகமாகத் திறந்து, மேல்மாடியில் வாழ்ந்துவந்தார். வைத்த இடத்தை யாரும் மாற்றக்கூடாது என்று உயிலில் எழுதினார். 1990இல் பதின்மூன்று கலைப்படைப்புகள் அங்கே திருடுபோயின. அவை இன்னும் கிடைக்கவில்லை. ஓவியங்களின் வெற்றுச் சட்டங்கள் அதே சுவரில் அதே இடத்தில் தொங்குகின்றன. சோனுக்கும் ஒரு நாடாளுமன்றச் சட்டம், சாலார் ஜங்குக்கும் ஒரு நாடாளுமன்றச் சட்டம். முன்னதில் வீடும் இருந்தது, பின்னதில் இல்லை. சட்டம் எழுதியவர்களைக் குறைசொல்லும் எண்ணம் எனக்கில்லை. புதிய நாடு, பொருள்கள் ஏலத்தில் சிதறாமல் ஓரிடத்தில் நின்றதே பெரிது. இருந்தாலும் வீடும் ஒரு கலைப்பொருள் என்ற எண்ணம் அன்று யாருக்காவது வலுவாக எழுந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நம் ஊரிலேயே பின்னால் அந்த எண்ணம் எழுந்தது. சென்னைக்கு வெளியே முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவில், இடிக்கப்படவிருந்த செட்டிநாட்டு வீட்டைத் தூண் தூணாகக் கழற்றிக் கொண்டுவந்து எழுப்பியிருக்கிறார்கள். அங்கே வீடுதான் காட்சிப்பொருள். திவான் தேவ்டியின் ஒரே ஒரு கூடத்தையாவது அப்படி ஆற்றங்கரைக்கு எடுத்துச் சென்றிருந்தால்!

தேவ்டியிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரத்தில் புரானி ஹவேலி இருக்கிறது. இது நிஜாம்களின் வீடு. 2000ஆம் ஆண்டிலிருந்து இதன் ஒரு பகுதி நிஜாம் அருங்காட்சியகம். ஏழாம் நிஜாம் உஸ்மான் அலி கானின் வெள்ளிவிழாவுக்கு வந்த பரிசுகளைப் பார்க்க எல்லாரும் வருகிறார்கள். நான் ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானின் உடை அலமாரியைப் பார்க்கப் போனேன். ஒரு நீண்ட கூடத்தின் இருபக்கமும், இரண்டு அடுக்கில் மர அலமாரிகள் ஓடுகின்றன. மேல் அடுக்குக்குப் போக, கையால் சுற்றி இயக்கும் மரத் தூக்கி ஒன்று. உடைகள் அனேகமாக இல்லை. ஆனால் அந்தக் கூடத்தில் நடந்த இரண்டு நிமிடத்தில், எந்த எழுத்துப் பலகையும் சொல்லாமலே அந்த மனிதர் வாழ்ந்த விதம் புரிந்தது. பொருள் குறைவு, வீடு இருக்கிறது. ஆற்றங்கரையில் நேர் எதிர்.

திரும்பும் வழியில் நாராயணகூடாவில் இறங்கினேன். அருகேதான் ஜகதீஷ் மித்தலும் கமலா மித்தலும் வாழ்ந்த வீடு இருக்கிறது. இருவரும் ஓவியர்கள், சாந்திநிகேதனில் நந்தலால் போஸின் காலத்தில் பயின்றவர்கள். 1950களின் தொடக்கத்தில் ஹைதராபாத் வந்து இங்கேயே தங்கிவிட்டார்கள். சாலார் ஜங்கின் செல்வத்தில் தூசு அளவும் அவர்களிடம் இல்லை. பழைய பொருள் கடைகளில், வேறு யாரும் மதிக்காத தக்காணச் சிற்றோவியங்களையும் பிதரி வேலைப்பாட்டுக் கலங்களையும் துணிகளையும் கண்ணால் தேர்ந்து சேர்த்தார்கள். 1976இல் அத்தனையையும் ஓர் அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுத்தார்கள். அதுதான் ஜகதீஷ் - கமலா மித்தல் இந்தியக் கலை அருங்காட்சியகம். 2015இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் தக்காண சுல்தான்களின் கலைக்கென்று பெரிய கண்காட்சி நடத்தியபோது, இந்தச் சேகரிப்பிலிருந்தும் பொருள்கள் இரவல் போயின. ஜகதீஷ் மித்தல் ஏறக்குறைய நூறு வயது வாழ்ந்தார். தம் சேகரிப்பைப் பொதுச்சொத்தாக்கிவிட்டு அதற்குக் காவலாளாக அரை நூற்றாண்டு அதன் பக்கத்திலேயே வாழ்ந்த ஒருவரை நினைக்கும்போது எனக்கு மிகுந்த மரியாதை எழுகிறது. மாளிகை இல்லாமலும் இது முடியும் என்று காட்டியவர்கள் அந்தத் தம்பதி.

சாலார் ஜங்கின் வீட்டை இனிக் கட்ட முடியாது. ஆனாலும் செய்யக்கூடியவை இருக்கின்றன. தீன் தயாளின் படங்களைப் பெரிதாக்கி அருங்காட்சியக வாசலிலேயே வைக்கலாம். திவான் தேவ்டியின் தளவரைபடத்தை இயன்றவரை மீட்டெழுதி, எந்தப் பொருள் எந்த அறையில் இருந்தது என்று தெரிந்தவரை குறிக்கலாம். ரெபேக்கா முன்னால் நிற்பவருக்கு, அவள் ரோமிலிருந்து வந்தாள் என்பதோடு, ஹைதராபாத்தில் எந்தச் சுவரைப் பார்த்து நின்றாள் என்பதும் தெரியட்டும். எஞ்சி நிற்கும் வாயில் வளைவுக்கு மேலிருக்கும் கம்பிகளை நகராட்சி அகற்றி, வியாபாரிகளுக்கு இடைஞ்சல் இல்லாமல் அதைச் செப்பனிடலாம். அந்தக் கடைக்காரர் போன்றவர்கள் அதை வரவேற்பார்கள் என்றே நினைக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அவசரமான வேலை ஒன்று உண்டு. 1968க்கு முன் அந்த வீட்டுக்குள் கைப்பிடித்து நடந்த பிள்ளைகளுக்கு இப்போது அறுபதுக்கும் மேல் வயது. படிகள் எத்தனை, முற்றத்தில் என்ன மரம், கடிகாரம் எந்தக் கூடத்தில் இருந்தது என்று அவர்களிடம் உட்கார்ந்து கேட்கவேண்டும். அதற்குப் பெரிய நிதி தேவையில்லை. ஓர் ஒலிப்பதிவுக் கருவியும், உருது, தெலுங்கு, தமிழ் மூன்றும் காதில் ஏறும் சில மாணவர்களும் போதும். மாமாவின் வீட்டிலிருந்து நடந்துபோகும் தொலைவில், உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறை இருக்கிறது.